சாயம் போகும், உப்பு போகுமா?

நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டப்பட்டது. பாசனத்துக்கென்று கட்டிய அணை, திருப்பூர்ச் சாயக் கழிவைத் தேக்கும் குட்டையாயிற்று. அணைத் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் சொல்லும் விபரீதத்தை நாடு கண்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. உடனே வேலையிழந்து நின்றவன் தொட்டியில் துணி புரட்டிய தொழிலாளி.

இப்போது ஒரு விஞ்ஞான வழி பேசப்படுகிறது. டைட்டானியம் டையாக்சைடு என்பது வெள்ளைப் பெயிண்டில் உள்ள சரக்குதான். மணவாளக்குறிச்சிக் கடல் மணலில் உள்ள இல்மனைட்டிலிருந்தும் எடுக்கலாம். தண்ணீரில் இருக்கும்போது இதன்மேல் புற ஊதாக் கதிர் பட்டால், உக்கிரமான துணுக்குகள் பிறந்து சாயத்தைச் சிதைக்கின்றன. சரக்கு செலவாவதில்லை. இதன்மேல் ஒளி பட்டால் தண்ணீரே பிரிகிறது என்று ஜப்பானிய விஞ்ஞானிகள் புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-ல் எழுதிய பிறகு ஆராய்ச்சி பெருகிற்று.

தூளாகக் கொட்டினால் வேலை விரைவாக நடக்கும். ஆனால் தண்ணீரில் கரைத்த மாவைத் திரும்பப் பிரித்தெடுப்பது யார்? ஆகவே கண்ணாடியிலோ மணலிலோ களிமண் உருண்டையிலோ ஒட்டவைத்து, அதன்மேல் தண்ணீரை ஓடவிடுகிறார்கள். வேகம் சற்றுக் குறையும். வடிகட்டும் தொல்லை இல்லை. நல்ல யோசனைதான், வரவேற்கிறோம்.

ஆனால் வெயிலில் புற ஊதாக் கதிர் நூற்றில் ஐந்து பங்குக்கு மேல் இல்லை. கெட்டியான சாயத் தண்ணீருக்குள் அந்த ஒளியும் இறங்காது. பாதியில் நிறுத்தினால் நிறம் போயிருக்கும், உடைந்த துண்டுகள் தண்ணீரிலேயே கிடக்கும். அவற்றில் நஞ்சும் உண்டு. கண்ணுக்குத் தெளிவாயிருப்பது பரீட்சை ஆகாது.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் உப்பு. பருத்தி நூலில் சாயம் ஏற உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுவதை ஒவ்வொரு பட்டறைத் தொழிலாளியும் அறிவான். நொய்யல் கரையில் கிணற்றையும் வயலையும் கெடுத்ததில் பெரும்பங்கு அந்த உப்புக்குத்தான். இந்த வினையூக்கி ஒரு சிட்டிகை உப்பைக்கூட எடுக்காது. உப்பு மிகுந்தால் இதன் வேலையே மந்தமாகும். உப்பைப் பிரிக்க சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கும் கொப்பரையும் வேண்டும். முதலாளிக்குக் கசக்கும் செலவு அதுதான்!

நிறத்தைப் போக்கிவிட்டோம், இனி ஆற்றில் விடலாம் என்று யாராவது மனுப் போட்டால் சர்க்கார் ஏற்கக் கூடாது. ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்பது 2006-லேயே உயர்நீதிமன்றம் வைத்த நிபந்தனை. ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையத்திலும் உள்ளே வரும் உப்பு எவ்வளவு, பிரித்தெடுத்தது எவ்வளவு என்பதை வாசலில் தமிழில் எழுதி வைக்கட்டும். பட்டறைத் தொழிலாளியும் கீழ்நொய்யல் விவசாயத் தொழிலாளியும் சேர்ந்து போய் அந்தக் கணக்கைப் படித்துப் பார்க்கட்டும்.