கொறித்தலும் தீவனமும்

வீட்டு முயல்களைப் பற்றி நம் கிளினிக்குகளுக்கு வரும் புகார்களில் இரண்டு அடிக்கடி காதில் விழுகின்றன. "புதுத் தீவனம் போட்டதும் வயிறு கெட்டுப்போச்சு டாக்டர்" என்பது ஒன்று. "சார்ஜர் ஒயர், சோபா, கதவு மூலை, எதையும் விட்டுவைக்க மாட்டேங்குது" என்பது மற்றது. முதலாவதைக் குடல் கோளாறாகப் பார்த்து மருந்து எழுதுகிறோம். இரண்டாவதைக் குணக்கோளாறு என்று எடுத்துக்கொண்டு, மரக்கட்டை வாங்கிப் போடச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். பெரும்பாலான முயல்களில் இவ்விரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அந்த முயல் ஒரு நாளில் எவ்வளவு நேரம் புல்லை மெல்லுகிறது என்று நாம் கேட்பதில்லை. நம் கேஸ் ஷீட்டிலும் அதற்கு இடமில்லை.

இதற்கு நம் படிப்பும் ஒரு காரணம். முயலை நாம் பண்ணை விலங்காகத்தான் படித்தோம். மன்னவனூரிலும் சாண்டிநல்லாவிலும் வளர்க்கப்பட்ட ஒயிட் ஜெயண்ட்டும் சோவியத் சின்சில்லாவும் 12 வாரத்தில் ஏறக்குறைய 2 கிலோ எடைக்கு வர வேண்டும். அதற்கேற்றபடிதான் மக்காச்சோளம், கம்பு, கடலைப்புண்ணாக்கு, கோதுமைத் தவிடு, தாது உப்பு என்று அடர்தீவனக் கணக்கு போடக் கற்றோம். இறைச்சிக்கு வளர்க்கும் முயலுக்கு அந்தக் கணக்கு சரியானது. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் வளரும் முயல் எட்டு, பத்து வருடம் வாழ வேண்டிய உயிர். பண்ணைக்காகத் தயாரித்த அதே பெல்லட் பல பெட் கடைகளில் பொட்டலமாகக் கட்டி விற்கப்படுகிறது. கிண்ணம் நிறைய அதைப் போட்டால் முயல் சில நிமிடங்களில் தின்று முடித்துவிடுகிறது. மிச்சமுள்ள பகலையும் இரவையும் அது என்ன செய்யும்? திறந்தவெளியில் முயல் நாளில் பல மணி நேரத்தைக் கொறிப்பதிலும் மெல்லுவதிலுமே கழிக்கிறது. அந்த வேலையைப் பறித்துவிட்ட பிறகு அது சோபாவின் காலிடம் போகிறது என்றால், அதைக் குணக்கோளாறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பற்களிலிருந்தே தொடங்குவோம். முயலின் 28 பற்களும் ஆயுள் முழுதும் வளர்பவை. வெட்டுப்பற்கள் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்கும் சற்று மேல் வளர்கின்றன. அவை ஒன்றோடொன்று உரசியே பெரிதும் தேய்கின்றன. கடைவாய்ப்பற்களோ, கீழ்த்தாடை பக்கவாட்டில் அரைக்கும்போதுதான் தேயும். அந்த அசைவை நீளமாகவும் திரும்பத் திரும்பவும் கொடுப்பது புல்லின் நார். பெல்லட்டைத் தாடை மேலும் கீழுமாக நசுக்கினாலே போதும், பக்கவாட்டு அசைவு குறைந்துவிடும். "பல் தேயறதுக்காகக் கடிக்குது, கட்டை போட்டா சரியாயிடும்" என்ற நம் ஆறுதல் வார்த்தை இங்கேதான் பிழையாகிறது. கட்டையால் வெட்டுப்பற்களுக்கு வேலை கிடைக்கும்; கடைவாய்ப்பற்களுக்கு அதனால் பெரிய பயன் கிடையாது. கீழ்க் கடைவாய்ப்பல்லின் முனை கூர்ந்து நாக்கைக் கிழிக்கத் தொடங்கும் முயலின் கூண்டில் கட்டை கிடந்தும் பயனில்லை.

இதைத் தெளிவாக்கியது எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அன்னா மெரிடித்தும் குழுவினரும் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வு. டச்சு இன முயல்கள் 32-ஐ நான்கு குழுக்களாகப் பிரித்து 17 மாதம் கவனித்தார்கள். ஒரு குழுவுக்கு உலர்புல் மட்டும், ஒன்றுக்குப் பெல்லட்டும் உலர்புல்லும், ஒன்றுக்கு மியூஸ்லி வகைக் கலவையும் உலர்புல்லும், கடைசிக் குழுவுக்குக் கலவை மட்டும். கலவை பெற்ற முயல்கள் தங்களுக்குப் பிடித்த துணுக்குகளைப் பொறுக்கித் தின்றன. புல் இருந்தும் அதைக் குறைவாகவே தொட்டன. கலவை மட்டும் தின்றவற்றின் கீழ்க் கடைவாய்ப்பல்லில் வளைவு கூடிப் பல்நோய் தலைகாட்டியது. வண்ண வண்ணத் துணுக்குகள் கலந்த தீவனப் பையை மேசையில் வைத்து "இது நல்லதா?" என்று கேட்பவரிடம் தயங்காமல் வேண்டாம் என்று சொல்ல இந்த ஆய்வே போதுமானது.

இனி வயிறு. முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முழுவதும் குடல் வழியாகத்தான் போய்த் தீர வேண்டும். சீக்கத்தில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம் வழக்கமான தீவனத்துக்குப் பழகிய ஒன்று. நார் குறைந்து மாவுச்சத்து திடீரென்று கூடினால் அந்தக் கூட்டத்தின் சமநிலை குலைகிறது. குடல் அசைவு தளர்கிறது, வாயு சேர்கிறது, கிளாஸ்ட்ரிடியம் ஸ்பைரோஃபார்மே போன்றவை பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. பால் மறந்த குட்டிகளில் இது மிக வேகமாக நடக்கும். தாயை விட்டுப் பிரிந்து, கடைக்கு வந்து, அங்கிருந்து வீட்டுக்குப் போய், அன்றைக்கே கேரட்டும் பிஸ்கட்டும் தின்ற ஐந்து வாரக் குட்டி சில நாளில் இறந்துபோவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். குட்டியை வாங்கியதும் முதல் வேலையாகக் கடையில் அது என்ன தின்றது என்று கேட்டு, குறைந்தது ஒரு வாரமாவது அதையே தரச் சொல்ல வேண்டும். தீவனம் மோசமானதாக இருந்தாலும் இதையே சொல்வேன். புல்லை மட்டும் முதல் நாளிலிருந்தே பக்கத்தில் வைக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வயிற்றுப்போக்கு என்றதும் வீட்டில் மிச்சமிருந்த அமாக்சிசிலின் சிரப்பைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துவிட்டு வருபவர்கள் உண்டு. வாய்வழி அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின், லின்கோமைசின் ஆகியவை முயலின் குடலுக்கு ஆபத்தானவை. தொலைபேசியில் முதல் கேள்வியே "என்ன மருந்து கொடுத்தீங்க?" என்பதாக இருக்கட்டும்.

வளர்ந்த முயலின் தீவனத்தை மாற்றும்போது நாம் வழக்கமாகச் செய்யும் தவறு, பழையதைக் குறைப்பதிலிருந்து தொடங்குவது. முதல் சில நாள் பெல்லட்டின் அளவைத் தொடவே கூடாது. புல்லைச் சேர்த்துவிட்டுப் புழுக்கையைக் கவனிக்க வேண்டும். ஒரு புழுக்கையை எடுத்து விரலிடுக்கில் நசுக்கிப் பார்க்க உரிமையாளருக்குக் கற்றுத்தாருங்கள். புல் தின்னும் முயலின் புழுக்கை பெரிது, உருண்டை, வெளிர் பழுப்பு. உடைத்தால் உள்ளே மரத்தூள் போல உதிரும் நார் தெரியும், நாற்றம் இராது. சிறுத்து, கறுத்து, கெட்டியாக, ஒன்றுக்கொன்று அளவு மாறி இருந்தால் குடல் இன்னும் தயாராகவில்லை. கொத்துக் கொத்தாக, பளபளப்பான சளிப்படலத்தோடு தரையில் மிஞ்சிக் கிடப்பவை முயல் திரும்ப உண்ண வேண்டிய மென்புழுக்கைகள். "லூஸ் மோஷன்" என்று பலர் கொண்டுவருவது இதைத்தான். அது மிஞ்சுகிறது என்றால் அடர்தீவனம் அளவுக்கு மேல் போகிறது, அல்லது முயல் பருத்தோ மூட்டுவலியாலோ குனிய முடியாமல் இருக்கிறது என்று பொருள்.

புழுக்கை பருக்கத் தொடங்கிய பிறகு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பெல்லட்டில் கால் பங்கைக் குறைத்துக்கொண்டே போகலாம். வளர்ந்த முயலுக்கு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிராம் என்ற அளவில் நிறுத்தினால் போதும். பாதிக்கு மேற்பட்ட முயல்களுக்கு இரண்டு வாரம் பிடிக்கும். புல்லையே பார்த்திராத முயலுக்கு இன்னும் நாளாகும். சமையலறைத் தராசில் தினமும் எடை பார்க்கச் சொல்லுங்கள். எடை தொடர்ந்து இறங்கினால் குறைப்பதை நிறுத்த வேண்டும். பருத்த முயலைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்களிடம் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 12 மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அது அவசர சிகிச்சைக்குரிய நிலை. விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கத்திரி வெயிலில் இந்த மாற்றத்தைத் தொடங்கவே வேண்டாம். வெக்கையில் முயல் தானாகவே தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போது எது காரணம் என்று நமக்கே விளங்காது.

புல் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. இறக்குமதியாகும் டிமோதி உலர்புல் நல்லது. ஆனால் விலையைக் கேட்டு ஒதுங்கும் குடும்பங்களிடம் அதை மட்டும் சொல்லி அனுப்பினால் அவர்கள் மறுபடியும் பெல்லட் பைக்குத்தான் திரும்புவார்கள். பசும்புல்லும் முழுத் தீவனமே. கொழுக்கட்டைப் புல்லும் அருகம்புல்லும் நம் ஊரில் உள்ளவை. பிள்ளையார் கோயில் வாசலில் விற்கும் அருகம்புல் கட்டை நன்றாக அலசி, நீர் வடிய வைத்துக் கொடுக்கலாம். கம்பு நேப்பியரின் தடித்த தண்டை விட்டுவிட்டு இளம் தாள்களைத் தரலாம். குதிரை மசால், வேலி மசால், அகத்தி ஆகியவை வளரும் குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஏற்றவை. வளர்ந்த முயலுக்கு அன்றாடம் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்து மிகுந்து சிறுநீரில் வெண்மையான வண்டல் சேரும். மிமோசின் உள்ள சவுண்டலைத் தவிர்க்க வேண்டும். வைக்கோல் படுக்கைக்கு நல்லது, மெல்லவும் செய்யலாம், ஆனால் அதை மட்டும் நம்பி முயல் வாழ முடியாது. புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து விழும் நறுக்கல் விரைவில் புளித்துப்போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உலர்புல் பூசணம் பிடிக்கும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கச் சொல்வது நல்லது.

"புல்லைத் தொடவே மாட்டேங்குது" என்றால் முதலில் வாயைப் பாருங்கள். ஓடோஸ்கோப் கூம்பு வழியாக விழித்திருக்கும் முயலிடம் தெரிவது கொஞ்சமே. சந்தேகம் இருந்தால் மயக்கம் கொடுத்துப் பார்க்க வேண்டும். வலி இல்லை என்று உறுதியான பிறகு புல்லை வைக்கும் இடத்தை மாற்றிப் பார்க்கலாம். முயல் தின்றுகொண்டே புழுக்கை போடும் பிராணி. அதன் கழிவுத் தட்டுக்கு மேலே புல் தொங்கினால் வேண்டாம் என்றது தின்னத் தொடங்கும்.

இனி வீட்டுக்காரர்கள் நம்மைக் கைவிடும் இடத்துக்கு வருகிறேன். பெல்லட் குறைந்த முதல் வாரத்தில் கொறித்தல் கூடலாம். கிண்ணம் காலியாக இருக்கிறது, புல் இன்னும் பழகவில்லை. கம்பியைக் கடித்து ஆட்டுகிறது, பாயைப் பிய்க்கிறது. பசி என்று பதறி அவர்கள் கிண்ணத்தை மறுபடி நிரப்புகிறார்கள். கம்பியைக் கடித்தால் பெல்லட் வரும் என்று முயல் கற்றுக்கொள்கிறது. இப்படி நடக்கும் என்பதை நாம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி வீடுகளில் மாற்றம் நின்றுபோகாது. அந்த வாரங்களில் கொறிக்கத்தக்கதைத் தாராளமாகப் போட வேண்டும்: மருந்து தெளிக்காத கொய்யாக் கிளை, இலையோடு மல்பெரிக் குச்சி, சாயமிடாத பனையோலைப் பெட்டி, அதற்குள் திணித்த புல். பெல்லட்டையும் கிண்ணத்தில் கொட்டாமல் புல்லுக்குள் தூவித் தேடவிடலாம். அடிப்பதும் அதட்டுவதும் முயலை மிரள வைக்கும், வேறு பலன் இல்லை.

ஒயர் மட்டும் காத்திருக்காது. தீவனம் மாறும்வரை பொறுக்க முடியாத ஆபத்து அது. பிவிசி குழாய்க்குள் ஒயரை நுழைப்பது, எட்டாத உயரத்துக்கு ஏற்றுவது, அறையையே அடைப்பது என்று ஏதாவது ஒன்றை அன்றே செய்யச் சொல்லுங்கள். மின்சாரம் தாக்கி வந்த முயலின் உதட்டிலும் நாக்கிலும் தீப்புண் இருக்கிறதா என்று பாருங்கள். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் வரக்கூடும். உடனே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பழைய வீடுகளின் கம்பியிலும் கதவிலும் உள்ள பெயின்டைச் சுரண்டித் தின்னும் முயல் சோர்ந்து, இரை எடுக்காமல், இரத்தசோகையோடு வந்தால் ஈயத்தை நினைவில் கொள்ளுங்கள். அரளி வைத்த பால்கனியில் முயலை விடக் கூடாது.

எல்லாக் கொறித்தலும் தீவனத்தால் வருவதில்லை. கருப்பை எடுக்காத பெண் முயல் திடீரென்று துணியைக் கிழித்துக் கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடினால், தன் நெஞ்சு மயிரைப் பிடுங்கினால், அது கூடு கட்டுகிறது. பொய்ச்சினை 16 முதல் 18 நாள் நீடிக்கும். இது திரும்பத் திரும்ப வந்தால் கருப்பை நீக்கம்தான் வழி. வயதான பெண் முயல்களில் கருப்பைப் புற்று அதிகம் என்பதால் அந்த அறுவையை நாம் தயக்கமின்றிப் பரிந்துரைக்கலாம்.

வெட்டுப்பல் நீண்டு வந்தால் நகவெட்டியால் நறுக்கும் பழக்கத்தை இனியாவது நிறுத்த வேண்டும். பல் நெடுக்காகப் பிளந்து வேர்வரை விரிசல் விடும், உள்கூழ் வெளிப்பட்டுச் சீழ் கோக்கும். பர் வைத்துச் சீராக்குவது அல்லது பல்லை எடுப்பது, இரண்டில் ஒன்றே முறை. சோபாவைக் கடித்துக்கொண்டிருந்த முயல் எதையுமே கடிக்காமல் அமைதியாகிவிட்டது என்று மகிழ்ச்சியோடு சொல்லும் உரிமையாளரிடம் கவனமாக இருங்கள். தாடை நனைந்திருக்கிறதா, கண்ணில் நீர் வடிகிறதா, தாடை எலும்பில் முடிச்சு தட்டுப்படுகிறதா என்று அன்றே பார்க்க வேண்டிய முயல் அது.

கேஸ் ஷீட்டில் மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்கிறேன்: எந்தப் புல், எவ்வளவு; பெல்லட் எத்தனை கிராம்; எதைக் கடிக்கிறது, எப்போதிலிருந்து. நம் ஊர்ப் புற்களை உலர்த்தி வீட்டு முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள் எடை, புழுக்கை, பல் பற்றிய குறிப்புகளோடு எழுதினால் இந்த இதழ் முன்னுரிமை தந்து வெளியிடும். டிமோதிக்கு ஈடாக எந்தப் புல்லை, எந்தப் பருவத்தில் அறுத்துத் தரலாம் என்று உரிமையாளரிடம் உறுதியாகச் சொல்ல அந்தக் குறிப்புகள் நமக்கு வேண்டும்.