ஊரான் பிள்ளை பரிகாரமல்ல!

‘மலடி’ என்ற சொல் தெருவெங்கும் திரிகிறது. ‘மலடன்’ என்ற சொல்லும் உண்டு. அது அகராதியை விட்டு வெளியே வருவதில்லை! குறை கணவனிடம் இருக்கலாம், மனைவியிடம் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம், காரணமே புலப்படாமலும் போகலாம் என்கிறது மருத்துவம். பழி மட்டும் ஒருத்தியின் தலையில்! நேற்று அரச மரத்தைச் சுற்றச் சொன்னார்கள். இன்று கருத்தரிப்பு மையத்தைச் சுற்றச் சொல்கிறார்கள். மரம் மாறியது; சுற்றுகிறவள் மாறவில்லை.

மருத்துவத்தை நாம் பழிக்கவில்லை. 1978 ஜூலையில் இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் உழைப்பால் கல்கத்தாவிலும் ஒன்று பிறந்தது. அறிவு தந்த வாய்ப்பு இது, பகுத்தறிவாளர் வரவேற்கத்தக்கது. ஆனால், எடுத்த முயற்சியெல்லாம் பலிக்கும் என்ற உறுதி இல்லை. ஊசிக்கும் சோதனைக்கும் ஆலைத் தொழிலாளியின் வீட்டுக் கம்மல் அடகுக்கடைக்குப் போகிறது.

இந்நிலையில், சிகிச்சை நடக்கும்போதே, ஆதரவற்ற பிள்ளை ஒன்றை வீட்டில் வைத்து வளர்க்க முன்வரும் தம்பதிகள் உண்டு. கூடுமா என்று கேட்கிறார்கள். கூடும் என்போம். எதற்காக என்பதே நம் கேள்வி.

“ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்” என்பது பழமொழி. ஈரமுள்ள மொழி! அதைப் பேரமாக்கிவிட்டார்கள். ‘ஒரு பிள்ளையை எடுத்து வளர், உன் வயிறு திறக்கும்’ என்று உறவினர் உபதேசிக்கிறார்கள். தாயத்துக்குப் பதில் ஒரு குழந்தையா? பிறகு கரு தங்கிவிட்டால், வந்த பிள்ளையை இல்லத்துக்குத் திருப்பி அனுப்புவதா? பிள்ளை என்ன, வாடகைச் சைக்கிளா?

வளர்ப்புப் பராமரிப்பு வேறு, தத்து வேறு. 2015 இளைஞர் நீதிச் சட்டம் இரண்டையும் பிரித்தே சொல்கிறது. பராமரிப்புக்கு வரும் பிள்ளை சொந்தக் குடும்பத்துக்குத் திரும்பலாம். 2024 வழிகாட்டு நெறிகளின்படி, இல்லங்களில் வாழும் 6 வயதுக்கு மேற்பட்டவர்களே பெரும்பாலும் வருவார்கள். தத்துக்குத் தகுதியுள்ள பிள்ளையானால், முன்பு 5 ஆண்டு வளர்த்த பின்பே தத்து. இப்போது 2 ஆண்டு போதும். ஆகவே வருவது தொட்டில் குழந்தையன்று. அம்மாவின் முகம் நினைவிருக்கும் பிள்ளை. ஒருமுறை கைவிடப்பட்டதை அறிந்த பிள்ளை. இரண்டாம் முறை தாங்காது!

‘சிகிச்சை முடியட்டும், பிறகு பிள்ளை’ என்பாரும் உளர். சொல்வது எளிது. பெண்ணின் வயது காத்திருக்குமா? 2021 சட்டம் பெண்ணுக்கு 50 என்றும் ஆணுக்கு 55 என்றும் சிகிச்சைக்கு எல்லை வகுத்திருக்கிறது. உடலோ அதற்கு வெகு முன்பே கணக்கை முடிக்கிறது. ஆகவே இரண்டையும் செய்யலாம். ஆனால் மூன்று உறுதி வேண்டும். சிகிச்சையை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் மறைக்கக்கூடாது. கரு தங்கினாலும் வந்த பிள்ளை வீட்டின் மூத்த பிள்ளை. சிகிச்சை தோற்ற வாரத்திலேயே பிள்ளை தன் தாயிடம் திரும்ப நேர்ந்தாலும், முகம் கோணாமல் வழியனுப்ப வேண்டும். இம்மூன்றும் இயலாதவர், சிகிச்சையை மட்டும் தொடரட்டும், அதில் குற்றமில்லை.

அண்ணாவுக்கும் இராணி அம்மையாருக்கும் வயிற்றில் பிறந்த பிள்ளை இல்லை. தமக்கையின் பேரப்பிள்ளைகளைத் தம் மக்களாக வளர்த்தார்கள். பரிகாரமாக அல்ல, பாசமாக!

ஆட்சியாளருக்கும் சொல்வோம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் என்பது பசியாற்றும். பள்ளிக்கும் மருந்துக்கும் போதாது. அதை உயர்த்துக! வளர்ப்புத் தாய்க்கும் தந்தைக்கும் சம்பளத்தோடு விடுப்பு தருக! கருத்தரிப்பு சிகிச்சையை மாவட்ட அரசு மருத்துவமனைதோறும் கொண்டுவருக!

தோழர்களே, உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், ‘சொந்தப் பிள்ளை எப்போது?’ என்று கேட்காதீர்கள். அங்கே ஓடிவரும் பிள்ளையின் பெயரைக் கேளுங்கள்.