உள்ளங்கையில் ஒரு கொதிகலன்

சென்ற ஜூன் மாதத்தில் ஒரு பிற்பகல். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் எங்கள் வீட்டு வாசலைக் கடந்து போன எதிர்வீட்டு அம்மாள் சற்றே நின்று, "இந்த வேளையிலே என்ன மிக்ஸி ஓடறது?" என்று விசாரித்தாள். ஓடியது மிக்ஸி அல்ல. விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த என் பேரன் திண்ணைத் தூணில் சாய்ந்தபடி, ஒரு வீடியோ கேம் யந்திரத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தான். அதற்குள் சுழன்ற விசிறியின் சத்தம்தான் தெருவரைக்கும் கேட்டது. தொட்டுப் பார்த்தேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பாத்திரம் போல் அதன் முதுகு சுட்டது.

"எதற்கடா இவ்வளவு சூடு?"

"பவர், தாத்தா! கிராஃபிக்ஸ் பவர். இதிலே எத்தனை டெராஃப்ளாப் தெரியுமா? அடுத்த மாடல்லே இன்னும் ஜாஸ்தி. என் பிறந்த நாளைக்கு அதைத்தான் கேக்கப் போறேன்."

கேட்கப் போவது என்னிடம். விலை ஐம்பதாயிரத்துக்குக் குறையாது. ஆகையால் அந்த டெராஃப்ளாப்பைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்யும் பாத்தியதை எனக்கு உண்டென்று கருதுகிறேன்.

வாசகர்கள் பயப்பட வேண்டாம். பிள்ளைகள் விளையாடிக் கெட்டுப்போகிறார்கள் என்று நான் பிரசங்கம் செய்ய வரவில்லை. பாடப் புத்தகத்துக்குள் என் தொடர்கதையை ஒளித்து வைத்துப் படித்து அப்பாவிடம் அடி வாங்கியதாக எனக்குக் கடிதம் எழுதியவர்கள் உண்டு. அந்தப் பாவத்தைச் சுமக்கும் நான் வேறொருவருடைய பொழுதுபோக்கைப் பழிக்கக் கூடாது. பையன் விளையாடட்டும். என் வழக்கு அவன் வாயில் வந்த அந்த எண்ணின் மீதுதான். அந்த எண்ணைக் காட்டி உலகெங்கும் வியாபாரம் நடக்கிறது. அதை நம்பி நம் வீட்டுப் பணம் போகிறது.

டெராஃப்ளாப் என்றால் என்ன? ஒரு விநாடியில் லட்சம் கோடி கணக்குப் போடும் வேகம். விளையாட்டுத் திரையில் தெரிவதெல்லாம் கணக்கின் விளைவுதான். வால்வ் நிறுவனம் 2022-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டீம் டெக் என்ற யந்திரத்தின் திரையில் 10,24,000 புள்ளிகள். விநாடிக்கு அறுபது தடவை ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று தீர்மானிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது கிராஃபிக்ஸ் சிப். ஸ்டீம் டெக்கின் சிப்புக்கு அதிகபட்சம் 1.6 டெராஃப்ளாப். அடுத்த ஆண்டே ஏ.எம்.டி. நிறுவனம் இஸட்-1 எக்ஸ்ட்ரீம் என்ற சிப்பைக் கொண்டுவந்தது. அதற்குக் காகிதத்தில் 8.6. "ஐந்து மடங்கு!" என்று பையன்கள் கூத்தாடினார்கள்.

காகிதத்தில் ஐந்து மடங்கு; கையில்?

ஒரு பெரிய சமையற்கூடத்தை எண்ணிப் பாருங்கள். இருபது பரிசாரகர்கள் இருந்த இடத்தில் நூறு பேரை வைக்கிறீர்கள். அரிசியும் பருப்பும் வரும் வாசல் மட்டும் பழைய வாசலே. எண்பது பேர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். கிராஃபிக்ஸ் சிப்புக்கு அந்த வாசல், நினைவகத்திலிருந்து வரும் பாதை. ஸ்டீம் டெக்கில் அந்தப் பாதை வழியே விநாடிக்கு 88 ஜிகாபைட் வரும். புதிய சிப்பை வைத்து 2023-ல் வெளிவந்த ஏசூஸ் யந்திரத்தில் ஏறக்குறைய 102. கணக்கு வேகம் ஐந்து மடங்கு. வாசலின் அகலம் ஆறில் ஒரு பங்குதான் அதிகம். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவது எது என்று நான் சொல்ல வேண்டுமா?

இது முதல் குற்றச்சாட்டு. இரண்டாவதை என் நண்பர் வாயால் கேட்பது நல்லது. திருவெறும்பூர் பெல் ஆலையில் ஆயுள் முழுதும் கொதிகலன்களோடு குடித்தனம் செய்து ஓய்வு பெற்றவர். பேரனின் யந்திரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எங்கள் தொழிலில் எத்தனை டன் நீராவி வரும் என்று மட்டும் கேட்கிறவனைக் கற்றுக்குட்டி என்போம். எவ்வளவு நிலக்கரிக்கு எவ்வளவு நீராவி என்று கேட்கிறவன்தான் எஞ்சினீயர். இந்தப் பெட்டிக்குள் நிலக்கரி என்பது பாட்டரி. அது எவ்வளவு ஐயா?"

நாற்பது வாட்-மணி. அதாவது நாற்பது வாட் வீதம் செலவழித்தால் ஒரே மணியில் தீரும். பத்து வாட் வீதம் செலவழித்தால் நான்கு மணி தாங்கும். பள்ளிக்கூடப் பையன் போடும் கணக்கு இது. மேலே சொன்ன இஸட்-1 எக்ஸ்ட்ரீம் சிப் ஒன்பது வாட் முதல் முப்பது வாட் வரை தின்னக்கூடியது. முழு வேகத்தில் சிப்புக்கு முப்பது, திரைக்கும் மற்றதற்கும் கொஞ்சம் என்று வைத்தால், நாற்பது வாட்-மணி பாட்டரி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் உயிரோடிருக்கும். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் இருபத்தைந்து வாட் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட அதிகமான சூட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, அதை வெளியே ஊத ஒரு விசிறியும் வைத்து, "இது கையில் வைத்து விளையாடும் பொருள்" என்று விற்கிறார்கள்!

சரி, இரண்டு மடங்கு மின்சாரம் கொடுத்தால் இரண்டு மடங்கு வேகமாவது வருமா? வராது. நண்பர் மலைக்கோட்டையைக் காட்டி விளக்கினார். உச்சிப் பிள்ளையார் கோயிலுக்கு நானூற்றுச் சொச்சம் படி. நிதானமாக ஏறினால் கிழவனும் ஏறிவிடலாம். ஓடி ஏறினால் பாதி வழியில் நெஞ்சு அடைக்கும். சிப்பும் அப்படித்தான். வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் வோல்டேஜையும் கூட்ட வேண்டியிருக்கிறது. வோல்டேஜ் ஏறினால் செலவு அதன் வர்க்கத்தில் ஏறுகிறது. கடைசியில் கிடைக்கும் கொஞ்சம் வேகத்துக்குத்தான் விலை மிக அதிகம். நின்டெண்டோ கம்பெனி இதை நன்றாக அறிந்திருந்தது. 2017-ல் வந்த அதன் ஸ்விட்ச் யந்திரத்தில், டெலிவிஷனோடு இணைத்து வைத்தால் கிராஃபிக்ஸ் சிப் 768 மெகாஹெர்ட்ஸில் ஓடும். கையில் எடுத்துவிட்டால் 460-ஐத் தாண்டாது. கை வேறு, மேஜை வேறு என்ற விவேகம் அது.

இந்த விவேகம் புதியதல்ல. 1989-ஆம் ஆண்டு ஒரு போட்டி நடந்தது. நின்டெண்டோவின் கேம் பாய் ஒரு பக்கம்: 160-க்கு 144 புள்ளி, பச்சை பாய்ந்த திரையில் நான்கே சாயல், நான்கு பென்சில் பாட்டரி. எதிர்ப்பக்கம் அதே ஆண்டில் அட்டாரி லின்க்ஸ், மறு ஆண்டில் சேகா கேம் கியர்: வண்ணத் திரை, உள்ளிருந்து வெளிச்சம், ஆறு பாட்டரி. சக்தியை மட்டும் பார்த்தால் கேம் பாய் கிட்டே நிற்க முடியாது. ஆனால் அது பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. மற்றவை ஐந்து மணி தாங்கினால் பெரிது. முடிவு என்ன? கேம் பாயும் அதன் வண்ணத் தம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 11 கோடியே 87 லட்சம் விற்றன. கேம் கியர் ஏறக்குறைய ஒரு கோடி. கேம் பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். பழசாகி, மலிவாகி, குணம் குற்றம் எல்லாம் தெரிந்துவிட்ட ஒரு பொருளை எடுத்து, அதற்குப் புது வேலை கொடுப்பதே அவர் கொள்கை. கால்குலேட்டரின் திரையைக் கொண்டு 1980-ல் விளையாட்டுச் சாமான் செய்தவர் அவர். 1997-ல் ஒரு சாலை விபத்தில் காலமானார்.

ஜப்பான் வரை போவானேன்? நம் திருச்சியிலேயே சாட்சி இருக்கிறது. தொண்ணூறுகளில் சின்னக் கடைவீதியில் என் மகனுக்கு ஒரு 'பிரிக் கேம்' வாங்கிக் கொடுத்தேன். ஒன்பதினாயிரத்துச் சொச்சம் விளையாட்டு என்று அட்டையில் பொய் அச்சடித்திருக்கும். பத்துக்கு இருபது, ஆக இருநூறு கட்டம்தான் திரை. இரண்டு பாட்டரி போட்டால் வாரக்கணக்கில் ஓடும். 2012-ல், தமிழகத்து ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில், பரணிலிருந்து அதை இறக்கினோம். அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. மெழுகுவத்தியைச் சுற்றி உட்கார்ந்து, கட்டை விழ விழ, வீடே முறை வைத்து விளையாடியது. என் மனைவியின் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை.

அந்தக் கட்டை விளையாட்டின் மூலம் டெட்ரிஸ். அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் 1984-ல் மாஸ்கோவில் அதை உருவாக்கியபோது, அவரிடமிருந்த எலெக்ட்ரோனிகா-60 யந்திரத்துக்குப் படம் வரையும் சக்தியே கிடையாது. எழுத்துக்களைத்தான் காட்டும். அவர் அடைப்புக்குறிகளை அடுக்கிக் கட்டைகள் செய்தார். அமெரிக்காவில் கேம் பாயோடு சேர்த்து விற்கப்பட்டதும் அதே டெட்ரிஸ்தான். கிராஃபிக்ஸ் சக்தி பூஜ்யமாக இருந்த இடத்தில் பிறந்த ஒரு விளையாட்டு உலகத்தைக் கட்டிப்போட்டது. பக்கக் கணக்குக்குள் வாராவாரம் தொடர்கதை எழுதிப் பழகிய எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஆசிரியர் இருபது பக்கம் கொடுத்த வாரங்களில்தான் நான் வளவளவென்று எழுதியிருக்கிறேன்.

பேரன் சும்மா இருக்கவில்லை. "தாத்தா, அங்கே எங்க ஃப்ளாட்லே ஒரே டிவி. அப்பா நியூஸ் பாப்பார். பெரிய கேம் நான் விளையாட இது ஒண்ணுதான் வழி. நாலு சாயல் போதும்னு எல்லாரும் இருந்திருந்தா இது வந்திருக்குமா?" என்றான். நியாயமான கேள்வி. சோனியின் பி.எஸ்.பி. 2004-ல் அதிகச் சக்தியோடு வந்து ஏறக்குறைய எட்டுக் கோடி விற்றது. தோல்வி என்று யாரும் சொல்ல முடியாது. அதே ஆண்டில் வந்த, சக்தி குறைந்த நின்டெண்டோ டி.எஸ். 15 கோடியே 40 லட்சம் விற்றது என்பதை மட்டும் நான் சொல்லிவைத்தேன்.

சக்தி வேண்டாமென்று நான் வாதிடவில்லை. அது எந்த வழியில் வருகிறது என்று கேட்கிறேன். வால்வ் நிறுவனம் 2023-ல் ஸ்டீம் டெக்கைப் புதுப்பித்தபோது வேகத்தைக் கூட்ட முனையவில்லை. சிப்பைச் சிறிதாக்கிச் செலவைக் குறைத்தது, பாட்டரியை நாற்பதிலிருந்து ஐம்பது வாட்-மணி ஆக்கியது, திரையை மாற்றியது. இரண்டு முதல் எட்டு மணி என்று கம்பெனி சொல்லிவந்த ஆயுள் மூன்று முதல் பன்னிரண்டு மணி ஆயிற்று. 2025-ல் வந்த ஸ்விட்ச்-2, சின்னப் படமாக வரைந்து, மீதியைப் பழகிய அறிவால் நிரப்பிப் பெரிதாக்கும் உபாயத்தைக் கைக்கொண்டது. இவற்றுக்குப் பெயர் முன்னேற்றம். முப்பது வாட்டைக் கையில் திணித்து, பெரிய எண்ணை அட்டையில் அச்சடிப்பதற்குப் பெயர் சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனம் தொற்றுநோயும் ஆகும். யந்திரம் வலுத்துவிட்டது என்ற தைரியத்தில் விளையாட்டு எழுதுகிறவன் சிக்கனத்தை மறக்கிறான். அவன் மறந்ததனால் போன வருஷத்து யந்திரம் திணறுகிறது. அது திணறுவதனால் உங்கள் பேரன் பிறந்த நாளுக்குப் புதியது கேட்கிறான். இந்த வண்டிக்கு எண்ணெய் போடுவது நீங்களும் நானும்.

அந்த வாரமே ஒரு கல்யாணத்துக்காகப் பகல் ரயிலில் சென்னைக்குப் போனோம். ஏறக்குறைய ஐந்து மணிப் பிரயாணம். முழு வேகத்தில் ஓடிய யந்திரம் விருத்தாசலம் வருமுன் கண்ணை மூடிவிட்டது. திரும்பி வரும்போது நான் ஒரு பந்தயம் வைத்தேன். சிப்பைப் பத்து வாட்டுக்குள் கட்டினான், அறுபது படத்தை நாற்பதாகக் குறைத்தான், வெளிச்சத்தையும் தணித்தான். விழுப்புரம் தாண்டிக் கேட்டேன்: "வித்தியாசம் தெரிகிறதா?" "உத்துப் பாத்தா தெரியறது" என்றான். உற்றுப் பார்க்காதவனுக்கு என்ன நஷ்டம் என்று நான் கேட்கவில்லை. விசிறிச் சத்தம் அடங்கியிருந்தது. அரியலூர் வரும்வரை பாட்டரி தாக்குப் பிடித்தது.

அவன் முழுக்க மனம் மாறிவிட்டான் என்று எழுதினால் அது கதையாகிவிடும். சிங்கப்பூர் போய்ச் சேர்ந்த பிறகு போன வாரம் டெலிபோனில் கூப்பிட்டான். புது மாடல் ஒன்றைப் பற்றி அவன் சிநேகிதன் ஏதோ பெரிய டெராஃப்ளாப் எண்ணைச் சொல்லிப் பீற்றிக்கொண்டானாம்.

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"எத்தனை வாட்லேன்னு கேட்டேன், தாத்தா. அவனுக்குத் தெரியலை."

ஐம்பதாயிரத்தை இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் இனி எனக்கு வருத்தமிராது.