மேடையில் பாடலாம், பதிவு செய்யக் கூடாதா?

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் என்று கல்வராயன் மலையடிவாரம் வரைக்கும் ஊர்த் திருவிழாவுக்குக் களை கட்டுவது பாட்டுக் கச்சேரிதான். போன மாதம் வந்த படத்தின் பாட்டைப் பாடாமல் அந்தக் கூட்டம் எந்தக் குழுவையும் மேடையை விட்டு இறங்க விடாது. சட்டமும் ஓரளவு இடம் கொடுக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சமயச் சடங்குகளிலும் கல்யாணக் கொண்டாட்டங்களிலும் பாடுவதற்கு விலக்கு அளிக்கிறது.

அந்த மேடையில் பாடும் ஒரு பாடகியே புதுப்பாட்டுகளைத் தன் குரலில் பாடி ஓர் ஆல்பம் போட நினைத்தால் கதை வேறு.

உரிமையாளர் சம்மதிக்காவிட்டால் 31சி பிரிவின் உரிமம்தான் வழி. 2012 திருத்தத்தில் வந்த இந்தப் பிரிவின்படி, பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் கழிய வேண்டும். 2023இல் வந்த ‘காவாலா’வுக்கு 2029 பிறக்க வேண்டும். அப்போதும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும்.

இத்தனை கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 1980களில் டி-சீரிஸ் போன்ற நிறுவனங்கள் பழைய இந்திப் பாடல்களைப் புதுக்குரல்களில் பாடவைத்து மலிவு விலைக் கேசட்டுகளாகக் குவித்தன. உழைத்தவர்களுக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்ற கவலை நியாயமானது. ஆனால் பிரதி, உறை, லேபிள் என்று கேசட் காலத்து மொழியில் பேசும் விதி, கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் இன்று சிறு பாடகர்களைத்தான் முடக்குகிறது.

அமெரிக்காவில் பாட்டு ஒருமுறை வெளியாகிவிட்டால் போதும்; நிர்ணயித்த தொகையைக் கட்டி யாரும் மறுபதிவு செய்யலாம். டெய்லர் ஸ்விஃப்ட்டின் ‘1989’ ஆல்பம் 2014 அக்டோபரில் வந்தது. ரயன் ஆடம்ஸ் அதை முழுவதுமாகத் தன் பாணியில் பாடி 2015 செப்டம்பரில் வெளியிட்டார். இரண்டையும் கேட்டு ஒப்பிட்டுப் பேச ரசிகர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. 31சி பிரிவின் கணக்கில் அவர் 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

காத்திருப்பை ஓராண்டாகக் குறைக்க நாடாளுமன்றம் முன்வர வேண்டும். 50,000 பிரதிக் கணக்கை விட்டுவிட்டு, உண்மையில் விற்ற, கேட்கப்பட்ட எண்ணிக்கைக்கு மட்டும் ராயல்டி வசூலிக்கலாம். அந்தத் தொகையில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உரிய பங்கு நேராகப் போகட்டும். குறிப்பிட்ட மொழிகளுக்குக் குறைந்தபட்ச அளவைத் தளர்த்தும் அதிகாரம் இப்போதே சட்டத்தில் இருக்கிறது. தமிழுக்கு அதைப் பயன்படுத்தச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை.