இலவச வைத்தியத்தின் மேல் விழுந்த பழி

காசு கொடாத வைத்தியம் குணம் தராது என்றும், அரசாங்க ஆஸ்பத்திரிகளும் கட்டணம் அறவிடத் தொடங்கினாலன்றித் தரம் பெறா என்றும் ஓர் அபிப்பிராயம் பூநகரிப் பகுதியிலே வேரூன்றி வருகின்றது. நகையை அடகு வைத்தேனும் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணத்துத் தனியார் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதே பெற்ற தாய்க்குச் செய்யும் கடமை என ஏழைக் கமக்காரனும் கடற்றொழிலாளியும் எண்ணுகிறார்கள். இந்த அபிப்பிராயம் பிழையானது. அதை நம்புகின்ற ஏழைக்கே அது பகையானது.

இலவச வைத்தியம் எவருடைய தயாள குணத்தாலும் வந்ததன்று. 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தமையால் ஏழையின் வாசலுக்கு அரசியல்வாதி வரவேண்டியதாயிற்று. 1934, 35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் எண்பதினாயிரம் உயிர்கள் வரையிற் கொண்டுபோனபோது, கிராமத்தில் வைத்தியம் இல்லாமை எத்தகைய கொடுமை என்பதை நாடு பிரத்தியட்சமாகக் கண்டது. 1951இல் அரசாங்க வைத்தியசாலைக் கட்டணம் ஒழிந்தது. காய்ச்சலுக்குப் பேர்போன வன்னி உட்பட இலங்கை முழுவதும் மலேரியா அற்ற நாடென 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்ததே, அந்த வெற்றி வீடுவீடாய் மருந்தடித்தும் இரத்தம் சோதித்தும் திரிந்த அரசாங்க ஊழியர்களால் வந்தது. நோய் வராமற் காப்பதில் இலாபம் இல்லையாதலால், அந்த வேலையைத் தனியார் எவரும் ஏற்றிருக்க மாட்டார்.

கட்டணம் வைத்துப் பார்த்தாயிற்று. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிட்டார்கள். அவ்வளவு சிறு தொகைக்கே ஆஸ்பத்திரிக்கு வருவோர் தொகை சட்டெனக் குறைந்தது. வராது போனவர்கள் சுகதேகிகள் அல்லர், வறியவர்கள்.

யாழ்ப்பாணத்திலே பின்னேரத்தில் காசு பெற்றுப் பார்க்கின்ற விசேட வைத்திய நிபுணர்களிற் பெரும்பாலார், காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்த்தவர்களே. நாம் கொடுக்கும் பணத்துக்குக் கிடைப்பது இருக்க ஒரு கதிரை, சற்று அவகாசம், ஓர் இன்சொல். வைத்தியருடைய அறிவு இரு வேளையும் ஒன்றுதான். அரிவி வெட்டும் வயலிலே புடையன் தீண்டியவனைத் தனியாரை இகழ்ந்தவனும் புகழ்ந்தவனும் ஒருங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது அரசாங்க ஆஸ்பத்திரிக்கே. இந்நாட்டுப் பிரசவங்களில் மிகப்பெரும்பாலானவை நிகழ்வதும், விடுதியில் தங்கி வைத்தியம் பெறுவோரில் பத்தில் ஒன்பதின்மருக்கு மேற்பட்டோர் கிடப்பதும் அங்கேதான்.

குறைகள் உண்டு, அவற்றை நான் மறைக்க வரவில்லை. 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின்னர், துண்டு எழுதி மருந்தை வெளியில் வாங்கச் சொல்லுதல் வழக்கமாயிற்று. வைத்தியர்கள் கூட்டங்கூட்டமாய் நாட்டைவிட்டுப் போயினர். தரமற்ற மருந்துக் கொள்வனவு விவகாரத்திலே முன்னாள் சுகாதார அமைச்சரே 2024இல் கைதானார். கடன்பட்ட கஜானாவும் களவுபோன நம்பிக்கையும் செய்த கேட்டை, இலவசம் என்னும் ஏற்பாட்டின் தலையிற் சுமத்துவது எந்த நியாயம்? தேசிய வருமானத்தில் நூற்றுக்கு இரண்டு வீதத்தை ஒட்டிய தொகையையே அரசு சுகாதாரத்துக்குச் செலவிட்டு வந்திருக்க, அதன் போதாமையை நோயாளியின் மடியிலிருந்து நிரப்பச் சொல்வதற்கு நாமே குரல் கொடுக்கலாமா?

வசதியுள்ளவர் விலகிப்போகப் போக, ஆஸ்பத்திரிக்காகப் பேச ஆளில்லாமற் போகிறது. வலைப்பாட்டிலிருந்தும் கிராஞ்சியிலிருந்தும் இரவில் நெஞ்சுவலியோடு வருகிற ஒருவனுக்குப் பூநகரியிலேயே வைத்தியரும் மருந்தும், மேலதிக சிகிச்சைக்குக் கிளிநொச்சிக்கு ஏற்றிச்செல்ல அம்புலன்சும் எந்நேரமும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பதையே, இனி வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் முதலாவதாகக் கேட்கவேண்டும்.