ஆலயத்தில் ஒன்று, அடுக்களையில் வேறு

படிப்பது இராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பது பழமொழி. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே கிடக்கும் பள்ளத்தைச் சுட்ட இதனினும் கூரிய மொழி வேண்டுவதில்லை. இஃது எல்லாச் சமயத்தார்க்கும் பொருந்தும். எனினும் கிறித்துவத் தமிழர்க்குத் தனிப் பொருத்தம் உடையது. மாந்தர் அனைவரும் ஒரே தந்தையின் மக்கள் என்று ஞாயிறுதோறும் வாய்விட்டு அறிக்கையிடுவோர் அவர்கள். அவ்வறிக்கை திங்கட்கிழமை எங்கே போய்விடுகிறது என்பதே கேள்வி.

கற்றல் என்பது நடத்தையில் நிகழும் மாற்றம் என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கால் வைத்தவர் எவரும் கற்கும் முதற்பாடம். வாய்பாட்டைத் தடையின்றி ஒப்பிக்கும் மாணவன், கடையில் மீதிச் சில்லறையை எண்ணத் தெரியாமல் விழித்தால், அவன் கணக்கைக் கற்றுவிட்டான் என எந்த ஆசிரியரும் ஒப்புவதில்லை. அந்த அளவுகோலைச் சமயத்தின்மேல் வைத்துப் பார்க்க மட்டும் ஏன் தயங்க வேண்டும்? மனப்பாடமான மன்றாட்டு வேறு. கற்ற சமயம் வேறு.

நற்செய்தி நூல்களே இவ்வளவுகோலைத்தான் கையாளுகின்றன. வரி தண்டும் சகேயு இயேசுவைத் தன் வீட்டில் வரவேற்றபோது, சொத்தில் பாதியை ஏழைகளுக்கு அளிப்பதாகவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் உறுதி கூறினான். அவனுடைய மனமாற்றம் அவன் கணக்கேட்டில் தெரிந்தது. ஒநேசிமு என்னும் அடிமையைக் குறித்து அவன் தலைவன் பிலேமோனுக்குப் பவுல் எழுதிய மடல், அவனை அடிமைக்கு மேலாக, அன்புச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறது. சமயம் வீட்டு வாயிலைக் கடந்து, தலைவனும் ஏவலனும் வாழும் உள்ளறைக்கே வந்துவிட்டது.

தமிழ் மண்ணில் கிறித்துவத்துக்கு வைக்கப்பெற்ற பெருந்தேர்வு சாதியே. அத்தேர்விலிருந்து தப்ப ஒரு வாதம் எழுந்தது. சாதி என்பது சமய வழக்கமன்று, சமூக வழக்கம். ஆதலின் கிறித்துவனாகியும் அதைக் கைக்கொள்ளலாம் என்பதே அவ்வாதம். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் டி நொபிலி அடிகள், உயர்சாதியினரை ஈர்க்கும்பொருட்டுப் பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைச் சமூக வழக்கெனக் கொண்டு ஏற்றார். 1623இல் உரோமும் அதற்கு இசைவளித்தது. அவர் தமிழ் உரைநடைக்கு ஆற்றிய தொண்டு பெரிது. அவர் நோக்கத்தில் மாசு கற்பித்தல் அறமன்று. ஆனால் அவர் சற்றே திறந்த கதவின் வழியே பின்னாளில் நுழைந்தது பூணூல் மட்டுமன்று. பிரிவினை முழுவதும் நுழைந்தது.

சீர்திருத்த சபையாரும் இதற்கு விலக்கல்லர். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமையை அறவே ஒழிக்குமாறு சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதனை ஏற்க மறுத்தனர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்குப் பரிந்து நின்றார். பத்திப் பாடலில் தோய்ந்த உள்ளமும் பந்தி வரிசையில் தோற்றுப்போகும் என்பதற்கு இதனினும் வருத்தந்தரும் சான்று வேண்டுமோ?

திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் நிகழ்ந்தது இன்னும் வெளிப்படையானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு எழுந்த கத்தோலிக்க ஆலயத்தில் பீடம் ஒன்று. அதனை நோக்கிய மண்டபங்களோ இரண்டு. உயர்சாதியினராகத் தம்மைக் கருதியோர்க்கு ஒன்று, ஏனையோர்க்கு ஒன்று; இடையில் சுவர். ஒரே அப்பத்தை உண்ண வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காணாதிருக்கக் கட்டிய சுவர் அது! 1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அச்சுவர் இடிக்கப்பட்டது. உடனே தொடரப்பட்ட வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. தனியிடம் தம் உரிமை என்று வாதிட்டோர் தோற்றனர். சகோதரத்துவத்தை ஆலயத்தில் கற்காதவர்களுக்கு அதனை நீதிமன்றம் கற்பிக்க வேண்டியதாயிற்று.

இவற்றுக்கிடையே ஒரு தேர்வு தனித்து நிற்கிறது. 1847இல் மதுரை அமெரிக்க மிஷன், தன் பணியாளர்கள் சாதியைத் துறந்தமைக்குச் சான்றாக அனைவரோடும் அமர்ந்து பொது உணவு உண்ண வேண்டுமெனப் பணித்தது. வேதத்தை விளக்கவும் பாடலைப் பாடவும் வல்ல பலர் அவ்வுணவைத் தொட மறுத்து, பணியிலிருந்து விலக்கப்பட்டனர். அவர்களிடம் கேட்கப்பட்டது உயிர்த்தியாகமன்று. ஒரு கவளம் சோறு. விசுவாசம் என்னும் பெருஞ்சொல்லை உரைத்துப் பார்க்கும் கல், பீடத்தில் இல்லை. உண்ணும் இலையில் இருக்கிறது என்பதை அம்மிஷனார் உணர்ந்திருந்தனர். பிழைப்பைக் காட்டி மனத்தை வளைத்தல் முறையோ என அன்றே கேட்டவர் உண்டு. அக்கேள்வி தக்கதே. எனினும் கவளத்தை மறுத்தவரின் நம்பிக்கை எத்தகையது என்னும் கேள்வி அதனால் மறைந்துவிடாது.

இவையெல்லாம் பழங்கதை என்பார் உளர். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை ஆவணம் அவர்களுக்கு விடையாகும். இந்தியக் கத்தோலிக்கர் 1 கோடியே 90 லட்சம் பேருள் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித் மக்கள் என்றும், திருச்சபைக்குள்ளேயே அவர்கள் வேற்றுமைக்கு ஆளாகின்றனர் என்றும் அவ்வாவணம் ஒப்புக்கொண்டது. திருச்சிராப்பள்ளியில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் சாதிச் சுவர் எழுந்து போராட்டத்துக்கு இடமாயிற்று. உயிர்த்தெழுதலை நம்புவோர், எழும்போதும் தனித்தனியே எழ வேண்டும் என்று எண்ணினர் போலும்.

மற்றச் சமயத்தாரிடம் இக்குறை இல்லையா என்று வினவுவாரும் உளர். உண்டு. ஆயினும் பக்கத்து மாணவனும் தவறாகவே எழுதினான் என்பது எந்தத் தேர்விலும் மதிப்பெண் பெற்றுத் தந்ததில்லை. சமயம் உள்ளத்தில் இருந்தால் போதாதா என்பது மற்றொரு வினா. உள்ளத்தில் மட்டும் இருந்து கையிலும் காலிலும் வராத நீச்சல், ஆற்றில் இறங்கியவனைக் காப்பாற்றுமா?

கடல் கடந்த தமிழரும் இக்குற்றச்சாட்டுக்கு அப்பாற்பட்டவரல்லர். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிய தமிழரோடு வேதாகமமும் வந்தது, சாதியும் வந்தது. சிங்கப்பூரில் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கருக்கென லூர்து அன்னை ஆலயம் எழுந்தது. அங்கும் ஏனைய ஊர்களிலும் தமிழ் வழிபாடு தழைத்தது. தோட்டங்களிலோ சாதி பார்த்து லயங்களில் குடிவைத்த காலம் இருந்தது. லயங்கள் மறைந்து அடுக்குமாடிகள் வந்துவிட்டன. ஆனால் திருமணப் பேச்சு தொடங்கியதும், ஞானஸ்நானச் சான்றிதழுக்கு முன்பாக "அவர்கள் என்ன ஆட்கள்?" என்று தாழ்ந்த குரலில் கேட்கும் பழக்கம் மறைந்துவிட்டதா? அக்கேள்வி ஆலயத்தில் எழுவதில்லை, அடுக்களையில் எழுகிறது. பிள்ளைகள் பாடங் கற்கும் இடமும் அதுவே.

ஆசிரியர் கவலைகொள்ள வேண்டியது இங்கேதான். நன்னெறிப் பாடத்தில் சமத்துவத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதும் மாணவன், வீட்டில் அதற்கு மாறானதைக் காணும்போது, இரண்டில் எதை உண்மை எனக் கொள்வான்? காண்பதையே கொள்வான். அன்றியும், சொல்லுக்கும் செயலுக்கும் தொடர்பு வேண்டுவதில்லை என்னும் மூன்றாவது பாடத்தையும் யாரும் கற்பிக்காமலேயே கற்றுக்கொள்வான். ஒரு சமுதாயத்தை அரித்துத் தின்னும் பாடம் அதுவே. ஆலயத்தில் முழந்தாளிட்ட ஆசிரியர், மறுநாள் வகுப்பில் ஏழை மாணவனைக் குலம் குறிக்கும் ஒரு சொல்லால் இழித்துரைப்பாராயின், அவர் ஓதிய மன்றாட்டு அத்தனையும் அந்த ஒரு சொல்லில் அழிந்துபோகிறது.

கிறித்துவத்தை வாழ்ந்து காட்டப் புதுமைகள் நிகழ்த்த வேண்டியதில்லை; கடல்மேல் நடக்க வேண்டியதுமில்லை. அண்டை வீட்டாரோடு ஒரே பந்தியில் அமர்ந்தால் போதும். மகளுக்கு மணமகன் தேடுகையில் அந்த ஒரு கேள்வியை விழுங்கிக்கொண்டால் போதும். வகுப்பில் எவனும் கடைசி வரிசைக்கெனப் பிறக்கவில்லை என நடந்துகொண்டால் போதும். வடக்கன்குளத்துச் சுவர் செங்கல்லால் ஆனது. ஆகவே கடப்பாரைக்கு விழுந்தது. நெஞ்சில் எழுந்த சுவருக்குக் கடப்பாரை இல்லை. அதனைக் கட்டியவரே இடிக்க வேண்டும். அதுவும் ஞாயிற்றுக்கிழமையில் அன்று, எஞ்சிய ஆறு நாள்களில்.