தட்டாதீர்கள், தட்டிக் கொடுங்கள்!

"அடியாத மாடு படியாது" என்பது பழமொழி.

மாட்டுக்குச் சொன்ன இந்தப் பழமொழியைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டார்கள். பிரம்புக்குப் பயந்தே பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய பிள்ளைகள் எத்தனையோ பேர்!

இப்போது சட்டம் அதைத் தடுத்துவிட்டது. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பள்ளியில் பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனம் நோகச் செய்யவும் கூடாது என்கிறது.

பிரம்பு போகட்டும். அந்த இடத்தில் எதை வைப்பது?

இதற்குப் பதில் பழவேற்காட்டு ஏரிக்கரையிலேயே இருக்கிறது.

கரையில் ஒரு பள்ளிக்கூடம்

திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காட்டு ஏரியை ஒட்டி இருக்கும் மீனவர் ஊர் கோட்டைக்குப்பம். ஏரியில் வலை போடும் இடத்தை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் "பாடு" என்ற பழைய ஏற்பாடு உள்ள ஊர்களில் இதுவும் ஒன்று.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு சிறுவன் வலை முடியக் கற்றுக்கொள்வது எப்படி?

முதலில் தாத்தா அவன் விரலைப் பிடித்து முடிச்சுப் போட வைப்பார். பிறகு விரலை விட்டுவிடுவார். "இந்தக் கண்ணியிலே விடு" என்று வாயால் சொல்வார். பிறகு வாயும் திறக்க மாட்டார். கண்ணால் காட்டுவார். கடைசியில் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

முடிச்சு சரியாக விழுந்தால், "அப்படித்தான்!" என்று ஒரு சொல்.

கல்வி அறிஞர்கள் இதில் முதல் பகுதிக்குத் "தூண்டுதல்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்கு "வலுவூட்டல்" என்று பெயர். தூண்டுதல் நாளுக்கு நாள் குறைய வேண்டும். வலுவூட்டல் உடனுக்குடன் கிடைக்க வேண்டும். இவ்வளவுதான் வித்தை.

ஆனால், அதே வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் கதை மாறிவிடுகிறது. "இதுகூடத் தெரியாதா?" என்று அதட்டல் கிளம்புகிறது. முடிச்சு தவறினால் கையைப் பிடிப்பவர்கள், எழுத்து தவறினால் கையை ஓங்குகிறார்கள்!

அறிஞர் கண்ட காட்சி

அமெரிக்காவில் ஸ்கின்னர் என்று ஒரு மனநூல் அறிஞர் இருந்தார். 1953-ல் தம் மகள் படித்த 4-ம் வகுப்புக்குப் போய் உட்கார்ந்தார். கணக்குப் பாடம் நடந்தது. சில பிள்ளைகள் சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். சில பிள்ளைகள் வழி தெரியாமல் விழித்தார்கள். போட்ட கணக்கு சரியா, தப்பா என்பது யாருக்கும் அப்போதே தெரியவில்லை.

பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிக்க வேண்டும்; ஒவ்வொரு படியிலும் உடனே பதில் சொல்ல வேண்டும். இதுவே அவர் சொன்ன வழி.

தமிழ்நாட்டிலும் இந்த எண்ணம் நுழைந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிள்ளைகள் அட்டைகளை வைத்துக்கொண்டு, அவரவர் வேகத்தில் படிப்படியாக ஏறினார்கள். 2022-ல் "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தது. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையைப் பார்த்துப் பாடம் நடந்தது.

அன்றே கூலி

கரையில் வலை இழுக்கக் கைகொடுக்கும் சிறுவனுக்கு அன்றே காசோ மீனோ கிடைக்கிறது. படிப்பு தரும் கூலியோ பத்து வருஷம் கழித்து வருகிறது. பத்து வயதுப் பிள்ளை எதை நாடுவான்?

அவனைக் குறை சொல்லிப் பயன் இல்லை. படிப்புக்கும் தினக்கூலி கொடுக்க வேண்டும். அந்தக் கூலி காசு அல்ல, நல்ல சொல்.

அதிலும் "கெட்டிக்காரன்" என்று பொதுவாகச் சொல்லக் கூடாது. "நேற்று இந்த 'ழ'வில் தடுமாறினாய். இன்று நீயே படித்துவிட்டாயே!" என்று சொல்ல வேண்டும். பிள்ளையை அல்ல, அவன் செய்த வேலையைப் பாராட்டினால் தலைக்கனம் வராது.

மிட்டாயில் ஆபத்து

பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று பிள்ளை அழுகிறது. அம்மா மிட்டாய் வாங்கித் தருகிறாள். அழுகை நிற்கிறது. மறுநாள் இன்னும் பலமாக அழுகிறது! படிப்புக்குக் கிடைக்க வேண்டிய பரிசு அழுகைக்குக் கிடைத்துவிட்டது. சிரித்துக்கொண்டு கிளம்பிய நாளில் தட்டிக் கொடுத்திருந்தால் அது பலன் தந்திருக்கும்.

பரிசும் அளவு மீறக் கூடாது. 1973-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. படம் வரைவதில் ஆசை உள்ள சிறு பிள்ளைகளிடம், "வரைந்தால் பரிசு" என்று சொல்லி வரைய வைத்தார்கள். பரிசும் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகளுக்கு வரையும் ஆசையே குறைந்திருந்தது. ஆசையாகச் செய்யும் வேலைக்கு விலை பேசினால், ஆசை ஓடிவிடும்.

படிக்காத பெற்றோர் என்ன செய்வது?

எழுத்துத் தெரியாத தாயும் இதைச் செய்யலாம். மாலையில் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். "இன்று என்ன படித்தாய்? எனக்குச் சொல்லு" என்று கேட்கலாம். பிள்ளை தடுமாறினால் உடனே அதட்டாமல் சற்றுப் பொறுக்கலாம். "முதல் எழுத்து எது?" என்று கேட்கலாம். சொன்னதும் முதுகில் தட்டிக் கொடுக்கலாம்.

இதற்குச் செலவு இல்லை. பொறுமை மட்டும் வேண்டும்.

மீன் எப்போது வரும் என்று இரவெல்லாம் காத்திருக்கும் பெற்றோருக்கு, ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டி முடிக்கும் வரை காத்திருக்கத் தெரியாதா?